ரோசம்மாள் தேய்த்த பிரபை

ரோசம்மாளுக்கு வட்டமாக ஒளி விடுவது எல்லாமே பிரபைதான். திருவள்ளூர்ப் பெருமாள் உற்சவத்தில் சூரியப் பிரபை வருவதைச் சின்ன வயதில் ஓரமாக நின்று பார்த்தபோது பிடித்துக்கொண்ட சொல் அது. நிலாவைச் சுற்றி வளையம் கண்டால், "பிரபை கட்டிக்கினு கீது, வைக்கோல மூடு, மழ வரும்" என்பாள். பனியில் தெரியும் லாந்தருக்கும் பிரபை உண்டு. பிள்ளை பெற்றவளிடமும், "மூஞ்சில பிரபை கீதுடி" என்பாள். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பது அந்தச் சொல்லுக்குத் தடையாக இருந்ததில்லை.

அவர்கள் காலனிக் கோயிலில் அந்தோணியார் சொரூபத்தின் தலைக்குப் பின்னாலும் ஒரு பிரபை இருந்தது. திருநாள் முடிந்ததும் அதைக் கழற்றி, ஆண்டுக்கு ஒரு வீடாக முறை வைத்துக் காப்பார்கள். அந்த வீட்டுப் பெண்தான் அடுத்த திருநாளில் தேருக்கு முன்னால் நடப்பாள். பத்தொன்பது வருடம் காத்திருந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ரோசம்மாளின் முறை வந்தது.

திருநாள் காலையில் பிரபையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். மங்கிக் கிடந்தது. குடம் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பொன்பூச்சு புளியோடு போய்விட்டது. வெள்ளைத் தகரம் பல்லிளித்தது.

"இன்னாடி, அந்தோணியாருக்கே மொட்ட அடிச்சுட்ட?" என்றான் புருஷன் தாவீது.

"வாய மூடுய்யா. இனிமே நம்ம ஊட்டுக்குத் தருவாங்களா?" அவளுக்கு அழுகை வந்தது.

"பூவச் சுத்தி வுடு. எவனுக்குத் தெரியப் போவுது?"

கனகாம்பரத்தைப் பாதி சுற்றினாள். கை ஓடவில்லை. பூவை அவிழ்த்துவிட்டு, தகரத்தை, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பாக்கியநாதனிடம் கொண்டுபோனாள்.

"பிரபைய நான்தான் கெடுத்துட்டேன், உபதேசியாரே. புளி போட்டுத் தேய்ச்சேன்."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பித்தளைன்னு நெனச்சுக்கினியா?"

"அந்தோணியாருக்குப் போயி தகரத்த வெப்பாங்கன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

அவர் தகரத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். மாலையில் தகரத்தோடேயே தேர் போயிற்று. ரோசம்மாள் முன்னால் போகவில்லை. கூட்டத்தின் கடைசியில் தலை குனிந்து நடந்தாள்.

அடுத்த ஆண்டு காலனியில் வீட்டுக்கு வீடு ஓட்டைச் சொம்பும் உடைந்த குத்துவிளக்கும் கேட்டு வாங்கி, உருக்கிப் புதுப் பிரபை செய்யக் கொடுத்தார் பாக்கியநாதன். திருநாளுக்கு முதல் நாள் ஒரு துணி மூட்டையோடு அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வருசமா ஒன் கேள்விக்குப் பதில் தேடிக்கினு இருந்தேன். இந்தா, பித்தளை. தேய்ச்சு எடுத்துக்கினு வா. நாளைக்கு நீதான் முன்னால."

ரோசம்மாள் புளியைக் கரைத்தாள். தேய்க்கக் குனிந்தவள், என்ன நினைத்தாளோ, உள்ளே குரல் கொடுத்தாள்:

"யோவ், நீயும் ஒருதரம் வந்து பாருய்யா. பித்தளதானே?"