விரலைக் கேளுங்க சார்

எங்க அண்ணிக்கு வாய் நீளம். கை அதைவிட வேகம். இருபத்திரெண்டு வருஷமா ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அவங்க கீபோர்டைக் குனிஞ்சு பார்த்து நான் பார்த்ததே இல்ல.

போன மாசம் பாத்ரூம்ல வழுக்கித் தலையில அடி. பிழைச்சதே பெரிய விஷயம். ஆளுங்க பேருதான் ஞாபகத்துலேர்ந்து நழுவிடுச்சு. நாத்தனார் நானே "ஏய், இவளே" ஆயிட்டேன். வக்கீல் "அந்த சார்" ஆயிட்டார். டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "எல்லாம் மூளைதாம்மா, விரல் வெறும் கூலியாள்"னார். எங்க அண்ணன் அதுக்கும் மேல. "உடம்பு வெறும் சட்டை. உள்ள இருக்கிற ஆத்மாதான் நீ. வேலையை விட்டுட்டு நிம்மதியா இரு."

அண்ணிக்கு வந்துச்சே கோபம்! "சட்டைதானே? நாளைக்கு அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஆத்மாவை மட்டும் உங்க ஆபீசுக்கு அனுப்புங்க. சாயங்காலம் சோறு கேக்காம வருதான்னு பாப்போம்."



மறுநாள் அண்ணி வக்கீல் ஆபீசுக்குக் கிளம்ப, துணைக்கு நானும் போனேன். வக்கீல் நல்ல மனுஷன்தான், ஆனா பயம். ஒரு எழுத்து மாறினா வழக்கே கவுந்திடுமாம். "சின்னதா ஒரு டெஸ்ட்மா. கீபோர்டுல 'க' எந்த வரிசையில இருக்கு?" அண்ணி முழிச்சாங்க. "சரி, 'ம'வுக்குப் பக்கத்துல என்ன?" தெரியல. கண்ணு கலங்கிடுச்சு. "வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னு ஃபைலை மூடினார்.

அண்ணி எந்திரிக்கல.

"அடிபடறதுக்கு முன்னாடி கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது சார். இப்ப நான் கேக்கறேன். டை முடிச்சு எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க. கையை மட்டும் அசைக்கக் கூடாது."

"இதென்ன பிரமாதம்? நீளமான பக்கத்தை வலது பக்கமா... இல்ல, இடது..." அவர் ரெண்டு கையும் தன்னால கழுத்துக்கிட்ட ஏறி, காத்துல முடிச்சுப் போட ஆரம்பிச்சுடுச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டேன்.

"பாத்தீங்களா? என் விரலுக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான். அதுவும் நான்தான். வாயைக் கேக்காதீங்க, விரலைக் கேளுங்க."

வக்கீல் கீபோர்டை அண்ணி பக்கம் நகர்த்திட்டு, ஒரு கடிதத்தைச் சொல்ல ஆரம்பிச்சார். "திங்கள்கிழமை முதல் இவர் மீண்டும் பணியில் சேரலாம்." அண்ணி கண்ணை மூடிக்கிட்டு டைப் அடிச்சாங்க. "இப்படிக்கு"ன்னு சொல்லி அவர் நிறுத்திட்டார்.

விரல் நிறுத்தல. பிரின்ட் ஆகி வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். மூணு வாரமா அண்ணி வாயில வராத வக்கீல் பேரு, படிச்ச பட்டத்தோட, ஒரு புள்ளி குறையாம இருந்துச்சு.