கோகிலாவின் மிகச் சிறந்த கட்டுரை

போன ஞாயிறு மரக்காணம் பக்கத்தில் ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீரை வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை... அத்தனை உப்பு!

“எங்க கெணத்துத் தண்ணிதாங்க. முன்னல்லாம் எளநி மாதிரி இருக்கும்” என்றார் செல்வி. உப்பளத்தில் கூலி வேலை. நாள் முழுக்க உப்புநீரில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், குடிக்கவும் அதேதான்.

என்னுடன் வந்தவள் கோகிலா. கல்லூரித் தோழி. ஆற்று வண்டலையும் தொல்லியலையும் சேர்த்து ஆராய்கிறவள். எந்த ஆறு எந்தக் காலத்தில் எங்கே ஓடியது, அதன் கரையில் யார் பானை வைத்துச் சமைத்தார்கள் – இதுதான் அவள் வேலை. மண்ணுக்குள் குழாய் இறக்கி, அடுக்கு அடுக்காக எடுத்துப் பார்ப்பாள்.

பார்த்ததைக் கட்டுரையாக எழுத வேண்டும். எத்தனை கட்டுரை, எந்த இதழில், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்... பதவி உயர்வு என்றால் இந்தப் பட்டியலைத்தான் ஜாதகம் போலப் பார்ப்பார்களாம்.

அவள் பட்டியலில் முதலிடம் செல்வியின் ஊரைப் பற்றிய கட்டுரைக்கு. சுற்றிலும் உப்பளம், அந்த ஊர்க் கிணற்றில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர்? அடியில் ஒரு பழைய ஆறு புதைந்து கிடந்தது. அதன் மணல் மழைநீரைப் பிடித்து வைத்திருந்தது. அதே மணலில் பழங்காலப் பானையோடுகள் வேறு! எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று துல்லியமாக வரைபடம் போட்டாள். இடத்தை மறைத்தால் ஆய்வை யார் நம்புவார்கள்? வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது.

லாரியும் வந்தது.

கேள்விப்பட்டு இவள் ஓடிப்போய்ப் பார்த்தால், பெரிய பள்ளம். மணல் எடுப்பவர் மரியாதையாகக் கும்பிட்டாராம்.

“மேடம், உங்க மேப்பு சூப்பருங்க! இல்லன்னா எங்கெங்கயோ குழி போட்டுப் பாத்துக்கினு இருந்திருப்போம்.” செல்போனில் கட்டுரையைத் திறந்தே காட்டியிருக்கிறார். ஓரத்தில் ஒரு குவியல். “பானை ஓடெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கேன். உங்களுக்குத்தானே யூஸ் ஆவும்?”

எங்கே போய் முட்டிக்கொள்வது? புகார் கொடுத்தாள், அலைந்தாள். மணல் தீர்ந்த பிறகுதான் லாரிகள் நின்றன. பள்ளத்தில் உப்புநீர் ஏறி, கிணற்றுக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் செல்வியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் என்னைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். சொன்னாள். செல்வி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க என்னாம்மா பண்ணுவீங்க... போனது போச்சு. இதே மாதிரி மணலு வேற எங்கனா இருக்குதா? சொன்னீங்கன்னா ஊர்ல காசு போட்டு பைப்பு எறக்கிக்குவோம். கேன் தண்ணி வாங்கி மாளல.”

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லம்மா. எங்கயும் இல்ல.”

கார் கிளம்பியதும் சொன்னாள்: “இருக்குது. கொஞ்ச தூரத்துலயே.”

அதைப் பற்றிய கட்டுரையும் தயாராம். அனுப்பினால் பேராசிரியர் பதவி ஏறக்குறைய உறுதி. அனுப்பப் போவதில்லை என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அனுப்பாதே, சரி. செல்விகிட்டயாவது சொல்லக் கூடாதா? குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறாங்க!”

“சொன்னா ஊரே வந்து அங்க பைப் போடும். பைப் போட்ட எடத்துல மணல் இருக்குதுன்னு லாரிக்காரனுக்குத் தெரியாதா? அந்தத் தண்ணியையும் ஒரு ஊர் குடிச்சிட்டு இருக்குது.”

இதற்கு உங்களுக்காவது பதில் தெரிகிறதா?

திரும்பும் வழியில் பொம்மையார்பாளையம் வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல் என்றுதான் நம்மைப் படிக்க வைத்தார்கள். அந்த நாலு பேரில் லாரி வைத்திருப்பவர்தான் முதலில் கிளம்பி வருவார் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அந்த இன்னொரு ஊர் எது என்று கேட்டு எழுதாதீர்கள். செல்விக்கே சொல்லாததை உங்களுக்கா சொல்வேன்?