நாலு ரெக்கார்டரும் ஒரு ரவிக்கையும்

தப்பு முழுக்க என்னுடையது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஓசியில் கிடைத்தால் ஒன்றோடு நிறுத்தத் தெரியாத ஜென்மம் நான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் அந்தப் புத்தியால்தான்.

என் மனைவி தையல்காரி. வண்ணாரப்பேட்டையில் ஒரு பயிற்சி மையம் அவளை டீச்சராகச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ரவிக்கைக்குக் கழுத்து, கை நுழையும் கைக்குழி என்று அளவு வரைவதைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டி, பேசி, பத்து நிமிட வீடியோவாக மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். கன்டெய்னர் யார்டில் எனக்கு அன்று வார லீவு.

"ஸ்க்ரீனை ரெக்கார்டு பண்றதுக்கு ஒண்ணு போட்டுக் குடுய்யா" என்றாள்.

ஒண்ணுதான் கேட்டாள். நான் நாலு ரெக்கார்டர் மென்பொருளை இறக்கினேன். ஒன்றில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். இன்னொன்று கிரேன் கேபின் மாதிரி, தொட்ட இடமெல்லாம் ஒரு செட்டிங். வினாடிக்கு எத்தனை படம் வேண்டும் என்று அது கேட்டதும் எனக்குக் குஷி வந்துவிட்டது. முப்பதிலும் அறுபதிலும் மவுஸ் அம்பை வட்டமடிக்க விட்டுப் பதிவு செய்து பார்த்தேன். அறுபதில் சோப்புத் தண்ணியில் விட்ட மாதிரி வழுக்கியது.

"இங்க வந்து பாரேன்!"

"மணி பன்னண்டு ஆவுது. கைக்குழி வரையறதுக்கு இன்னாத்துக்குய்யா வழுக்கணும்?"

முதலில் சிவப்புப் பொத்தான். அவள் பாடம் எடுத்த அழகில், பட்டன்கூடத் தைக்கத் தெரியாத எனக்கே கைக்குழி புரிந்தது. ஓட்டிப் பார்த்தால் குரல் கணீர், படம் கும்மிருட்டு. புது லினக்ஸில் திரையைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டுமாம். இந்தப் பழைய மென்பொருளுக்குக் கேட்கத் தெரியவில்லை. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று நான் வியந்தேன். அவள் வியக்கவில்லை.

அடுத்து கிரேன் கேபின். படம் பளிச். குரல்தான் இல்லை. மைக்குக்குப் பதிலாக லேப்டாப்பின் சொந்தச் சத்தத்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிட மௌனம். நடுவே ஒரு மெயில் வந்த 'டிங்' மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

"அதுல குரல் கீது, இதுல படம் கீது. ரெண்டையும் ஒட்டிட்டா மேட்டர் ஓவர்" என்றேன். ஒட்டினேன். அவள் கழுத்தைப் பற்றிப் பேச, படம் கைக்கு வளைவு போட்டுக்கொண்டிருந்தது. மணி மூன்றரை.

"யோவ், போய் தண்ணி கேன் எடுத்துகினு வா."

வீட்டில் ஒரு கேன் நிரம்பி நின்றது. அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு. கிளம்பினேன். திருவொற்றியூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக நின்று, ஐந்தாவதாக ஒரு ரெக்கார்டரைப் பற்றி போனில் ஆசை தீரப் படித்தேன்.

கேனோடு திரும்பியபோது நாலே முக்கால். வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. மையத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதிலும் வந்திருந்தது. ஓட்டிப் பார்த்தேன். படம், குரல், வளைவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"நாலுல எதுலமே எடுத்த? முப்பதா, அறுபதா?"

"கதவத் தாப்பா போட்டுகினு எடுத்தேன்."