பெட்டிக்குள் இருந்த சூடு

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்ததும் கோலாலம்பூர் அறையைக் காலி செய்துவிட்டு லிங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் வளர்ந்த செம்பனைத் தோட்டத்துக்கே திரும்பினேன். அவள் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கு மருந்து அடித்தாள். உடம்பு முடியாமல் வேலையை விட்டபோது, தோட்டம் கொடுத்த வீட்டில் மட்டும் தொடர்ந்து இருந்துகொள்ளலாம் என்று, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வாரத்தில் மூன்று நாள் காலையில் வேன் வந்து அவளைப் போர்ட்டிக்சனுக்கு ஏற்றிப்போகும். "ரத்தம் கழுவப் போறேன்" என்பாள், ஏதோ துணி துவைக்கப் போகிறவளைப் போல. அவளுக்குச் சிறுநீர் பிரிவது அநேகமாக நின்றுவிட்டது. அதனால் குடிக்கும் தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது. மருந்து விழுங்குவதற்கே அதில் பாதி போய்விடும்.

என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். இன்னும் கட்டப்படாத வீடுகளின் வரைபடங்களை வாங்கி, கட்டி முடித்துப் படம் எடுத்ததைப் போல ஆக்கித் தருவேன். அதற்குக் கணினியில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என்னிடம் இருந்தது பெரிய கார்டு. ஆனால் அது உட்கார்ந்திருந்த பெட்டி மிகவும் சிறியது. பழைய அறையில் மேசை போடவே இடமில்லாததால் அப்படி வாங்கியது. இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் அது. குளிர்சாதனம் இருந்த அறையில் அது ஒரு தொந்தரவும் தந்ததில்லை.

தோட்டத்து வீட்டில் கூடம் ஒன்று, உள் அறை ஒன்று. உள் அறையில் ஜன்னலும் கிடையாது, பிளக்கும் எரிந்து போயிருந்தது. அதனால் கூடத்தில் ஒரு சுவரோரம் அக்காவின் கட்டில், எதிர்ச் சுவரோரம் என் மேசை. ஏர்கோன் போட நினைத்து ஆளைக் கூட்டி வந்தேன். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த ஒயரு தாங்காதுலா" என்று சொல்லி மூடினார்.

சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்த கையோடு வெயில் ஏறியது. தகரக் கூரை பத்து மணிக்கே சடசடவென்று சத்தம் போடத் தொடங்கிவிடும். ஒரு மத்தியானம் படம் பாதி ஆகிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போனது. மறுபடி போட்டேன், கால் மணி நேரத்தில் மறுபடி கறுத்தது. கார்டின் சூட்டைக் காட்டும் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. பிறகு இருட்டு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லுக்குட் டவுனுக்குப் போனேன். கணினிக் கடைக்காரர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. பார்த்ததுமே சொன்னார்: "கேசிங் சின்னதுலா, தங்கச்சி. கார்டு மூச்சு விட எடமே இல்ல. அது விட்ட சூட்டையே திரும்பி இழுத்துக்கிது. பெரிய கேசிங்க மாத்திடுங்க."

"இருக்கா?"

"ஆர்டர் போடணும். ரெண்டு வாரம் ஆகும்."

வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இரண்டு சிறிய காற்றாடிகளும் சூட்டைக் கடத்துவதற்காகக் கார்டுக்குள் தடவும் பசை ஒரு குழாயும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூடத்தில் பாய் விரித்து, எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினேன். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல அடைந்திருந்தது. தூரிகையால் தட்டி எடுத்தேன். காய்ந்து ஓடாகியிருந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதியதைத் தடவினேன். ஒரு காற்றாடியைக் கீழே, காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்தேன். இன்னொன்றை மேலே, வெளியே தள்ளும்படி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்துவிட்டேன். அதுவும் போதவில்லை. வீட்டில் இருந்த ஒரே பெரிய காற்றாடி அக்காவின் கட்டிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"தூக்கிக்க. எனக்குப் பரவால்ல."

"மத்தியானம் மட்டும்தான்க்கா."

"வெச்சுக்கடி. பொட்டி நின்னுபோனா நாம என்னா பண்றது?"

காற்றாடியைத் தூக்கி வந்து பெட்டியைப் பார்த்து வைத்ததும் எண் எழுபத்தாறுக்கு இறங்கியது. நான் கை தட்டினேன். "கொறஞ்சிடுச்சுக்கா!" என்று கத்தினேன். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வேலையும் உடனே வந்தது. காற்றாடி என் மேசைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

பெட்டியிலிருந்து வெளியேறிய சூடு எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. கார்டு தின்னும் மின்சாரம் அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். நான் எவ்வளவு நன்றாகக் காற்றோட்டம் அமைத்தேனோ, அவ்வளவு நன்றாக அந்தச் சூடு கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. எனக்கும் வியர்த்தது, கூரைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டிருந்தாள். அது அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

"ஐஸ் ஒரு கட்டி கொடேன்" என்பாள். கொடுப்பேன். கண்ணை மூடி வாயில் அடக்கிக்கொள்வாள். ஒருநாள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். ஒரு பங்களாவின் பின்புறம் செய்துகொண்டிருந்தேன். நீச்சல் குளம், அதற்குள் வெளிச்சம்.

"எவ்ளோ தண்ணி!" என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ரத்தம் கழுவும் இடத்தில் எடை பார்த்தபோது நான்கு கிலோ கூடியிருந்தது. தாதி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தண்ணி ரொம்ப குடிக்கிறாங்க, பாத்துக்குங்க" என்றார். அக்கா வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். குடிக்கவே இல்லை என்று சாதித்தாள்.

"அப்ப நாலு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? என்கிட்டயே பொய் சொல்றியா?"

"கத்தாதடி. பக்கத்து வீட்டுல கேக்கும்."

அன்றைக்கு நான் செய்தது இன்னும் நினைவிருக்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்த தண்ணீர்ப் போத்தல்களையும் கெண்டியையும் உள் அறைக்குக் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். அவளுடைய நல்லதுக்குத்தான் என்று முழுதாக நம்பினேன். என்னைப் படிக்க வைத்தவள், தண்ணீருக்கு என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால் கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா சிமெண்டுத் தொட்டியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் மொள்ளும் குவளை. நெஞ்சு வரை நனைந்திருந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நாங்கள் குளிக்கிற தண்ணீரை அவள் மொண்டு மொண்டு குடித்திருக்கிறாள்.

"வுட்டுடு, வுட்டுடு" என்றாள் என்னைப் பார்த்ததும். நான் அடிக்க வருகிறேன் என்று நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். ஆறாம் நாள், ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இங்க நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"வீட்டுல ரொம்ப சூடா இருந்துச்சாக்கா?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அடுப்புக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருந்துச்சு" என்றாள். "நீ வேல செய்யிற. அத நிறுத்துன்னு எப்படிலா சொல்றது?"

அவள் வீடு திரும்புவதற்கு முதல் நாள் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு வைக்க வழி இருக்கிறது. ஆரம்பத்திலேயே அதைப் படித்திருந்தேன். வேகம் குறைந்துவிடும் என்ற பயத்தில் தொடாமல் விட்டிருந்தேன். திரையில் ஒரு கோட்டை இடது பக்கம் நகர்த்தினால் போதும். முப்பது விழுக்காடு குறைத்தேன். மின்னழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கினேன். காற்றாடியை அணைத்துவிட்டுப் படம் ஒன்றை ஓடவிட்டேன். எண் அறுபத்தொன்பதில் நின்றது. பெட்டிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நாற்பது நிமிஷத்தில் முடிகிற படம் நாற்பத்தாறு நிமிஷம் எடுத்தது.

ஆறு நிமிஷம்.

காற்றாடியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தேன். மத்தியானங்களில் வேலையை நிறுத்தினேன். உள் அறையின் பூட்டைக் கழற்றினேன். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவள் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் எதையும் தொடவும் இல்லை. "ஒரு வாய் குடிச்சிக்கவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கேட்க வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்து மூன்றாம் நாள் காலை, தேநீர் ஆற்றி எடுத்துக்கொண்டு எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். நான் பெட்டியைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ அவரிடம் சொல்லவில்லை. சாவுக்கு வந்த தோட்டத்துப் பெண்கள், "நீ இல்லாட்டி என்னைக்கோ போயிருப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த மறு வாரம், காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ரத்தம் கழுவும் இடத்திலிருந்து ஒரு புதுத் தாதி; குரலைக் கேட்டால் சின்னப் பெண்ணாகத் தெரிந்தது. தகவல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"அக்கா இன்னிக்கு வரலியா? மெஷின் ரெடியா இருக்கு."

"இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வேறு இடத்துக்கு மாறிவிட்டார்களா என்று கேட்டாள். அப்போதுதான் அந்த வார்த்தையை முதல் தடவையாக என் வாயால் சொன்னேன்.