பலகைச் சத்தம்

‘டம்’ என்று கேட்டது. செயற்கைப் புல்லில் பந்து துள்ளி வெளியே வந்துவிட்டது. அது கோலுக்குள் போய்ப் பின்பலகையில் பட்டதா, வெளியே கோல் கம்பத்தில் பட்டதா? நடுவருக்குத் தெரியவில்லை. கோல்கீப்பர் என் மகள்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது கோவில்பட்டியில் ஞாயிறுதோறும் வட்டார ஹாக்கி லீக் நடக்கும். விளாத்திகுளம், நாகலாபுரம் ஆட்கள் மட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கரிசல் புழுதியில் பந்தே கண்ணுக்குத் தெரியாது. கோலுக்குள் பின்பக்கம், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பழைய பெட்டிப் பலகைகளை அடித்திருப்பார்கள். அந்த ஆபீஸ் அணிக்கு அப்பாதான் கோல்கீப்பர். மைதானத்தை ஒட்டி எங்கள் வீட்டு மாடி.

நாகலாபுரத்தோடு ஆடிய ஓர் இறுதியாட்டத்தில் அப்பா காத்த கோலில் இதே தகராறு வந்தது. மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி மாடியில் மிளகாய் வத்தல் துழாவிக்கொண்டிருந்த அம்மா, “கோலுதான் அண்ணாச்சி!” என்று கத்தினாள்.

“நீங்க பாத்தியளா தாயி?” என்றார் நடுவர்.

“பாக்கலை, கேட்டேன். இரும்புக் கம்பம்னா கணீர்னு கேக்கும். இது பலகை.”

நடுவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். கோப்பை நாகலாபுரத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மட்டையை மூலையில் சாத்தினார். “ஏட்டி, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” கொஞ்ச நேரம் கழித்து அவரே, “ஆனா கோலுதான்” என்றார்.

“தெரியும். சாப்பிடுதீங்களா?” என்றாள் அம்மா.

இப்போது மகள் தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் நடுவர் பக்கம் திரும்பி, “பலகையிலதான் பட்டுச்சு சார்” என்றாள்.