சவரிமுத்து சாரின் பிங்-பாங் பேட்

திங்கட்கிழமை காலை டைப்ரைட்டரின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பியூன் வந்து, "பாலக்கரை சார் போயிட்டாருங்க" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தவர் சவரிமுத்து ஒருவர்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆபீசில் அவர் சாதாரண குமாஸ்தா; கிளப்பில் பிங்-பாங் மேஜை முன்னால் நின்றால் ராஜா. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் காபிக்கு ஓடுவோம். அவர் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் மல் துணியை நனைத்துப் பிழிந்து, பேட்டின் ரப்பரில் குட்டிப் புள்ளிகளுக்கு நடுவே சேர்ந்த தூசியை ஒற்றி எடுப்பார். பிறகு நிழலில் உலர்த்துவார்.

"குழந்தையைக் குளிப்பாட்டியாச்சா?" என்று சீண்டுவேன்.

"உங்களுக்கு என்னங்க தெரியும், ஸ்ரீரங்கத்துக்காரரே! பந்து நம்ம பேச்சைக் கேக்குறது இந்த ரப்பராலதான்" என்பார்.

யுத்த காலத்தில் சீமை ரப்பர் வருவது நின்றுபோயிற்று. அந்த வருஷம்தான் அவர் பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை வந்திருந்தார். அந்த ஆட்டத்தன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் மேஜையிலிருந்த பேட்டை எடுத்தேன். டைப்ரைட்டர் எழுத்துகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பழகிய கை. ரப்பருக்கும் அதையே செய்தது. அட, என் புத்தியே! சாயங்காலத்துக்குள் ரப்பர் உப்பி, ஓரமெல்லாம் கிளம்பிவிட்டது.

முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். இரவல் பேட்டில் ஆடித் தோற்றார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "இன்னைக்குக் கை வரலைங்க" என்றதோடு சரி. என்னைக் கடைசிவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று நானே சொல்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது என்னிடம் மட்டும், "கோபம் இல்லைங்க. ஆனா இனிமே என் பேட்டைத் தொடாதீங்க" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். யுத்தம் முடிந்து புது ரப்பர் ஒட்டினார். தினமும் என்னோடு ஆடினார். கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். பேட் பக்கம் என் கை நீண்டால் மட்டும், "கையை எடுங்க!" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும். ஒரே ஒரு தடவை அவராக எடுத்துக் கொடுக்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து புறப்பட்டபோது, அவர் மனைவி மல் துணியில் சுற்றிய பேட்டை என்னிடம் நீட்டினார்.

"உங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொன்னாருங்க. 'இனிமே மண்ணெண்ணெய் போட மாட்டார்'னும் சொன்னார். அது என்னன்னு எனக்குத் தெரியலைங்க."

அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.

இன்று காலை துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, புள்ளி புள்ளியாகத் துடைத்தேன். நிம்மதியாக உறங்குங்கள், சவரிமுத்து சார். பேட் நிழலில்தான் காய்கிறது.