நிறுத்தி வைக்கும் பட்டன்

தொண்ணூறுகளின் கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். எஸ்.டி.டி. பூத்தாக இருந்ததை அதன் உரிமையாளர் கம்ப்யூட்டர் போட்டு மாற்றியிருந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கும் குடும்பங்களே எங்கள் வாடிக்கையாளர்கள். யாருக்கும் சொந்த ஈமெயில் கிடையாது. கடையின் முகவரிக்கே எல்லாருடைய செய்தியும் வரும், ஆங்கில எழுத்தில் தமிழாக. பாய் படித்துப் பார்த்து, உரியவரைக் கூப்பிட்டுச் சொல்வார்.

"எனக்கு வந்திருக்குதுங்களா?" "என்னுது போயிருச்சுங்களா?" நாள் முழுக்க இதே கேள்விதான். எனக்குப் பொறுமை பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கம்மி. அதனால் ஒரு வலைப்பக்கம் எழுதினேன். இடது பக்கம் செய்தி வந்தவர்களின் பெயர்கள், வலது பக்கம் போகக் காத்திருக்கும் செய்திகள். டெலிபோன் லைன் கிடைக்கும்போதெல்லாம் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போகும். போனதும் அந்த வரி திரையிலிருந்து மறைந்துவிடும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை ஓட்டி, திரையைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்தேன். அன்று என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பாய் பார்த்துவிட்டு, "தம்பி, சில சேதிய கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கறதுக்கு ஒரு பட்டன் வேணுமுங்க," என்றார்.

"எதுக்குங்க பாய்?"

"கெட்ட சேதின்னா? உக்கார வெச்சு, ஒரு டீ குடுத்துத்தானுங்களே சொல்லோணும்."

வரிசை என்றால் வரிசைதான், நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். அவர் சிரித்தார். கடை அவருடையது. முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பட்டன் வைத்தேன். அமுக்கினால் அந்த வரி திரையிலிருந்து மறைந்து, திரும்ப விடும்வரை காத்திருக்கும்.

சோமனூரிலிருந்து ஒரு பெண் வருவார். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் துபாய்க்குப் போயிருந்தார். சில வாரங்களாக அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஒரு மத்தியானம் திரையில் அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. அவர் எழுந்து வருவதற்குள் மறைந்துபோனது. பாய் பட்டனை அமுக்கிவிட்டு, "அம்மணி, உக்காருங்க. டீ சொல்றேன். கூட யாராச்சும் வந்துருக்கறாங்களா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு இருக்கறாருங்களா பாய்?"

பாய் பதறிப்போனார். "ஐயையோ, ஆளு நல்லா இருக்கறாரு அம்மணி! கம்பெனிய மூடிப்போட்டாங்களாம், வேலை போச்சாம். பக்குவமாச் சொல்லலாம்னு நாந்தான் பட்டன அமுக்கி நிறுத்தி வெச்சனுங்க!"

ஊருக்கு வரட்டுமா, அங்கேயே வேறு வேலை தேடட்டுமா என்று கணவர் கேட்டிருந்தார். வருவதானால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அப்போதுதான் கம்பெனி டிக்கெட் எடுத்துத் தரும்.

வேலை போன செய்தியைக் கேட்டு ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அழுகையும் கூடவே வந்தது. "எழுதுங்கண்ணா," என்றார் என்னிடம். "மொதல்ல ஊடு வந்து சேருங்க, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்னு எழுதுங்க."

எழுதினேன். அது வரிசையின் கடைசியில் போய் நின்றது. அன்று லைன் படுத்தி எடுத்தது. கிடைத்தால் ஒரு செய்தி போவதற்குள் அறுந்துவிடும். அவருடையதற்கு முன்னால் திரை நிறையச் செய்திகள், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை முன்னே தள்ள வழியே இல்லை. வரிசையில் கை வைக்கக் கூடாது என்று சொன்ன மகராசன் நான்தானே?

பெஞ்சிலிருந்து உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். மகனுக்கு எழுதிவிட்டுக் காலையிலிருந்து காத்திருப்பவர்.

"ஏனுங் தம்பி, அந்த நிறுத்தி வெக்கற பட்டன என்னுதுக்கு அமுக்குங்க."

"என்னுதுக்குமுங்க," என்றார் பக்கத்திலிருந்தவர். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடையில் இல்லாதவர்களுடையதை யாரையும் கேட்காமல் நானே அமுக்கினேன்.

வலது பக்கம் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது. மோடம் கரகரத்தது. பெஞ்சு மொத்தமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வரியும் மறைந்தது.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

திரையிலேயே தெரிகிறதே என்று நான் சொல்லவில்லை. "போயிருச்சுங்க அம்மணி," என்றேன்.